எஸ்டேட்ல பார்த்துப் பழகினது வேலைக்கு ஆகுமா?

கேள்வி: அக்கா, நான் நிபோங் திபால் பக்கம் ஒரு செம்பனை எஸ்டேட்ல பொறந்து வளர்ந்தவன். வயசு 27, அஞ்சாம் பாரம் எஸ்பிஎம் பரீட்சையோட நிறுத்திட்டேன், இப்போ பிறையில ஃபேக்டரில ஷிஃப்ட் வேலை. தாத்தா கூட சுத்துனதுல எந்தப் பாம்பு எங்க கெடக்கும், எந்த மாசம் எந்தப் பறவை வரும்னு தெரியும். விலங்கு சர்வேக்கு 3 மாசம், 6 மாசம் கான்ட்ராக்ட்ல ஆள் எடுக்குறாங்கன்னு கேள்விப்பட்டேன். டிகிரி இல்லாம எடுப்பாங்களா? பேராக்ல இருக்குற பெலும் காட்டுக்குப் போய் வேலை பார்க்கணும்னு ஆசை. அம்மா, "இருக்குற வேலைய விட்டுட்டு கொரங்கு எண்ணப் போறியா"ன்னு திட்டுறாங்க.

பதில்: தம்பி, அம்மா கிண்டலுக்குக் கேட்டாங்க, ஆனா கொரங்கு எண்ணுறது நெஜமாவே ஒரு வேலைதான். நம்ம பினாங்குலயே லங்கூர் புரொஜெக்ட் பினாங்குன்னு ஒரு குழு 2016ல இருந்து லோத்தோங் கொரங்கு பின்னாடியே நடந்து, அது என்ன தின்னுது, ரோட்ட எங்க தாண்டுதுன்னு எழுதி வச்சாங்க, அதனாலதான் 2019ல தெலுக் பகாங் ரோட்டுக்கு மேல பழைய தீயணைப்பு ஹோஸ வச்சு அதுங்களுக்குன்னு ஒரு பாலமே போட முடிஞ்சது.

டிகிரி விஷயம் சுருக்கமா சொல்லிடுறேன். புரொஜெக்ட நடத்துறவங்களுக்கு டிகிரி வேணும், கூட நடக்குற ஃபீல்ட் அசிஸ்டன்ட்டுக்கு பல எடத்துல கேக்க மாட்டாங்க. நடக்கத் தெரியணும், காலையில இருட்டோட எழும்பணும், மலாய் பேசணும், பார்த்தத பார்த்த மாதிரியே எழுதணும்.

ஆனா பெலும் ஆசைதான் எனக்கு சரியாப் படல. கோவிச்சுக்காதீங்க. பெலும் தெமெங்கோர் காட்டுல உள்ளூர் அனுபவம்னா அது அங்கயே பொறந்து வளர்ந்த ஜஹாய், தெமியார் பூர்வகுடி மக்களோடது, அங்க ஆள் வேணும்னா அவங்களத்தான் முதல்ல கூப்பிடணும், அதுதான் நியாயமும் கூட. அங்க போனா நீங்களும் கோலாலம்பூர்ல இருந்து வர்ற காலேஜ் புள்ளையும் ஒண்ணுதான், அவன்கிட்ட டிகிரியாவது இருக்கும். உங்களுக்குத் தெரிஞ்சது செம்பனை, அலூர்னு சொல்ற வாய்க்கால், பக்கத்துல உள்ள சேத்துக் கடற்கரை. அத வச்சு வேலை தேடுங்க.

என்ன வேலைன்னு கேப்பீங்க. ஆந்தைய எடுத்துக்குங்க. எலிய புடிக்கட்டும்னு எஸ்டேட்ல கம்பத்துல ஆந்தைப் பெட்டி வச்சிருப்பாங்களே, பினாங்கு யுஎஸ்எம் பல்கலைக்கழகத்துல அந்தக் கூகை ஆந்தைய வச்சு ரொம்ப நாளா ஆராய்ச்சி நடக்குது. பெட்டிக்குக் கீழ கட்டை விரல் தண்டிக்கு கருப்பா உருண்டை கெடக்கும், சின்ன வயசுல கால்ல மிதிச்சிருப்பீங்க, அது எச்சம் இல்ல, எலிய முழுங்கிட்டு முடியையும் எலும்பையும் கக்கி வச்சது. அத காய வச்சு பிரிச்சா எலியோட மண்டை ஓடு, தாடை எல்லாம் உடையாமக் கூட வரும், எந்த எலிய எத்தன தின்னுச்சுன்னு அத வச்சுத்தான் கணக்கு போடுறாங்க. மருந்து தின்ன எலிய தின்னா ஆந்தையும் சாகலாம், அதனால எந்த பிளாக்ல எப்ப எலி மருந்து போட்டாங்க, எந்தப் பெட்டி காலியா கெடக்கு, எஸ்டேட் வேலைய மேய்க்கிற மண்டோர்கிட்ட எப்படிப் பேசி உள்ள போறதுன்னு தெரிஞ்ச ஆளு ஆராய்ச்சி பண்றவங்களுக்கு தங்கம் மாதிரி.

இப்போதைக்கு உங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் தலைக்குள்ள இருக்கு, அத வச்சு யாரும் சம்பளம் தர மாட்டாங்க. இன்னைக்கே ஒரு நோட்டு வாங்குங்க. தேதி, நேரம், எடம், எத்தன, என்ன செஞ்சுச்சு, மழையா வெயிலா. போன்ல ஜிபிஎஸ் எடுத்துக்குங்க, பறவைன்னா ஈபேர்ட் ஆப்ல ஏத்துங்க, மத்தது ஐநேச்சுரலிஸ்ட் ஆப்ல, ரெண்டும் சும்மாதான். போய்ப் பார்த்து ஒண்ணும் கண்ணுல படலன்னாலும் "இல்ல"ன்னு எழுதணும், முக்காவாசி பேரு இதத்தான் விட்டுடுவாங்க. மலாய்ப் பேரோட அறிவியல் பேரையும் பழகிக்குங்க. ஆறு மாச நோட்டு கையில இருந்தா இன்டர்வியூல சர்டிபிகேட் பத்தி பேச்சே வராம கூட போகலாம். பாம்பக் கையில புடிச்சு வீடியோ மட்டும் போடாதீங்க, 2010 வனவிலங்குச் சட்டம் இருக்கு, பாதுகாக்கப்பட்ட ஜீவன புடிக்கணும்னா வனவிலங்கு இலாகா பெர்ஹிலித்தானோட பெர்மிட் வேணும், அந்த வீடியோவ பார்த்தா எந்த புரொஜெக்ட்டும் உங்கள கிட்ட சேர்க்காது.

சீசன் உங்களுக்கே தெரியும், வடக்க இருந்து வர்ற பறவைங்க செப்டம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும். ஜனவரில ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், வட செபராங் பிறையில தெலுக் ஆயர் தாவார், கோலா மூடா கரையோரம் முக்கியமான எடம். மலேசிய நேச்சர் சொசைட்டியோட பினாங்கு கிளைய கேட்டுட்டு ஒரு ஓஃப் நாள்ல போய்ட்டு வாங்க. காசு கெடைக்காது, ஆனா இந்த வேலைங்க பாதி விளம்பரத்துக்கே வராது, "ஒரு நல்ல பையன் இருக்கான்"னு வாய் வார்த்தையிலதான் போகும்.

ஃபேக்டரி வேலைய இப்போ விடாதீங்க. 2025 பிப்ரவரில இருந்து குறைஞ்சபட்ச சம்பளம் 1,700 வெள்ளி, அது மாசம் தவறாம வருது. சர்வே வேலையில நாள் கூலி கேக்க நல்லா இருக்கும், மழையில படுத்துட்டா? அதனால கையெழுத்துப் போடுறதுக்கு முன்ன வாயத் தொறந்து கேளுங்க, மழை நாளுக்கு காசு உண்டா, மோட்டோருக்கு எண்ணெய்க் காசு யாரு தர்றது, ஓய்வுகால சேமிப்பு இபிஎஃப், விபத்துப் பாதுகாப்பு சொக்சோ ரெண்டும் கட்டுவாங்களா, இல்ல தனியாள் வேலைன்னு எழுதி உங்க தலையில கட்டிடுவாங்களா. அப்படின்னா சுயதொழில் சொக்சோவ நீங்களே கட்டிக்குங்க, வருஷத்துக்கு பெரிய காசு இல்ல. செம்பனைக்குள்ள எலி மூத்திரத்தால வர்ற காய்ச்சல் வெளையாட்டு இல்ல, பூட்ஸ் அவங்க தரலன்னா அந்த எடமே வேணாம்.

அம்மாகிட்ட வேலைய விடுறேன்னு சொல்லாதீங்க, வர்ற ஜனவரில ஒரு நாள் லீவு போட்டு பறவை எண்ணப் போறேன்னு மட்டும் சொல்லுங்க. திட்டுவாங்கதான், ஆனா சோறு கட்டித் தருவாங்க.