தோட்டத்துக் காளானைச் சமைக்கலாமா?

கேள்வி: மழைக்குப் பிறகு எங்கள் வீட்டுப் புல்தரையில் வெள்ளைக் குடைக் காளான்கள் நிறைய முளைத்திருக்கின்றன. பூண்டு சேர்த்து வேகவைத்து, பூண்டு கறுக்கவில்லை என்றால் சாப்பிடலாம் என்கிறார் மாமியார். மூன்று வயதுக் குழந்தையும் இருக்கிறான். என்ன செய்வது?

பதில்: தயவுசெய்து சமைக்காதீர்கள். பூண்டு, வெள்ளிக் காசு, மஞ்சள் எதுவும் காளான் விஷத்தைக் காட்டிக்கொடுக்காது. பூச்சி அரித்த காளான் நல்லது என்பதும் அப்படித்தான்.

உங்கள் மாமியார் புற்றுக்காளானை நினைத்துச் சொல்லியிருக்கலாம். நானும் அதன் குழம்பை விரும்பிச் சாப்பிட்டு வளர்ந்தவன். அது கறையான் புற்றிலிருந்து முளைப்பது. தண்டு வேர்போல நீண்டு மண்ணுக்குள் இறங்கியிருக்கும். புல்தரையில் வரும் பெரிய வெள்ளைக் குடை பெரும்பாலும் குளோரோபில்லம் என்ற வேறு இனம். மேலே பழுப்புச் செதில்கள், தண்டில் ஒரு வளையம். முற்றிய குடையை வெள்ளைத்தாளில் சில மணி நேரம் கவிழ்த்து வைத்தால் பச்சை நிறத் தூள் படியும். ஆனால் இளசாக இருக்கும்போது அடிமடிப்புகள் வெள்ளையாகவே இருக்கும், பழகிய கண்ணும் ஏமாறும். தூள் பச்சையாக இல்லை என்பதற்காகவும் சாப்பிட்டுவிடக் கூடாது.

இதைத் தின்றால் பொதுவாக 1 முதல் 3 மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். நான் அதைவிட அதிகம் பயப்படுவது தாமதமாகத் தொடங்கும் வாந்திக்குத்தான். அமடாக்சின் என்ற கொடிய விஷம் உள்ள காளான்கள் 6 மணி நேரத்துக்குப் பிறகே வேலையைக் காட்டும். அப்புறம் ஒருநாள் வயிற்றுப்போக்கு அடங்கி, ஆள் தேறியதுபோல் இருப்பார். உள்ளே கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அந்த விஷம் போகாது.

சரி, குழந்தைக்கு? தொட்டால் ஒன்றும் ஆகாது, கையைக் கழுவிவிடுங்கள். மழைக்காலத்தில் தினமும் காலையில் அவன் விளையாடப் போகும் முன் காளான்களைப் பிடுங்கி எறிந்துவிடுங்கள். வாயில் போட்டுவிட்டால் துண்டுகளை எடுத்து வாயைக் கொப்பளிக்க வையுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்க வேண்டாம். நன்றாக இருக்கிறானே என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வண்டி இல்லையென்றால் 108ஐ அழையுங்கள். மீதிக் காளானை அடித்தண்டோடு தோண்டி, காகிதத்தில் சுற்றி எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் அழுகிவிடும். எத்தனை மணிக்குத் தின்றான் என்பதை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.