“எஸ்.டி. எல்லாம் எழுந்து நில்லுங்க”: வகுப்பில் நேர்ந்த அவமதிப்புக்குச் சட்டத்தில் என்ன வழி?

கேள்வி: அரூர் வட்டத்து மலைக்கிராமம் ஒன்றைச் சேர்ந்த மலையாளி பழங்குடிக் குடும்பம் எங்களுடையது. நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். என் தங்கை பக்கத்து மாவட்டத்து அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் எம்.எஸ்சி. தாவரவியல் படிக்கிறாள். கடந்த மாதம் ஆய்வகத்தில் உதவித்தொகைப் பட்டியலைப் படித்த பேராசிரியர், “எஸ்.டி. எல்லாம் எழுந்து நில்லுங்க” என்று சொல்லி நான்கு பேரை நிற்க வைத்து, “மலையில தேன் எடுக்கிறவங்களுக்கு மைக்ரோஸ்கோப் எதுக்கு? கோட்டா இருக்கிற தைரியம்” என்று சுமார் முப்பது மாணவர்கள் முன்னிலையில் பேசியிருக்கிறார். மறுநாள் தங்கை அவருடைய அறைக்குப் போய்க் கேட்டபோது, சாதிப் பெயரைச் சொல்லித் திட்டி வெளியே அனுப்பிவிட்டார். போன பருவத்தில் இருபத்தைந்துக்கு இருபத்தொன்று வாங்கியவளுக்கு இந்தப் பருவம் இன்டர்னல் மதிப்பெண் பதினொன்று. துறைத் தலைவர், “எழுத்தில் எதுவும் வேண்டாம், பேசித் தீர்த்துக்கொள்ளலாம்” என்கிறார். பி.சி.ஆர். வழக்குப் போட முடியுமா? போட்டால் அவள் படிப்பு என்னாகும்? ஊர்க்காரர்கள் நான்கு பேருடன் அவர் வீட்டுக்கே போய்க் கேட்டுவிடலாமா என்றும் தோன்றுகிறது.

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போகாதீர்கள். நீங்கள் அவர் வீட்டு வாசலில் நின்ற அன்று மாலையே, கும்பலாக வந்து மிரட்டினார்கள் என்று உங்கள் மீது ஒரு புகார் பதிவாகிவிடும். அதற்குப் பிறகு உங்கள் தங்கை கொடுக்கும் உண்மையான புகார், அதற்குப் பதிலாகக் கொடுக்கப்பட்ட எதிர்ப்புகார் போலத் தோற்றமளிக்கும்.

நம் பக்கத்தில் எல்லோரும் பி.சி.ஆர். என்றே சொல்கிறோம். அந்தப் பெயர் 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து வந்து காவல் நிலையப் பேச்சுவழக்கில் ஒட்டிக்கொண்டது. உங்களுக்குப் பொருந்துவது 1989-ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் மற்றும் பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். அதன் 3(1)(ஆர்) பிரிவு, பழங்குடி ஒருவரை இழிவுபடுத்தும் நோக்கத்துடன், பொதுப்பார்வைக்கு உட்பட்ட இடத்தில், வேண்டுமென்றே அவமதிப்பதையோ மிரட்டுவதையோ குற்றமாக்குகிறது. 3(1)(எஸ்) பிரிவு, அத்தகைய இடத்தில் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவதைக் குற்றமாக்குகிறது. இரண்டுக்கும் தண்டனை குறைந்தது ஆறு மாதம், அதிக அளவாக ஐந்து ஆண்டு, அபராதமும் உண்டு.

இங்கே “பொதுப்பார்வை” என்ற சொல்லின் மீதுதான் உங்கள் வழக்கு முழுவதும் நிற்கிறது. உங்கள் கடிதத்தில் இரண்டு சம்பவங்கள் இருக்கின்றன. நீங்கள் அவற்றை ஒன்றாகவே எண்ணுகிறீர்கள், சட்டம் அப்படி எண்ணாது. சாதிப் பெயரைச் சொன்னது மூடிய அறைக்குள், வேறு யாரும் இல்லாதபோது. நான்கு சுவருக்குள், வெளியார் எவரும் பார்க்காத இடத்தில் நடந்தது இந்தப் பிரிவுகளுக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் சொன்னது. நம் தமிழ்நாட்டிலிருந்து சென்ற கருப்புடையார் வழக்கில், ஓர் அரசு அலுவலகத்துக்குள் நடந்த சம்பவத்துக்கும் 2025-இல் அதையே சொல்லி வழக்கை ரத்து செய்தது. காதால் கேட்டவளுக்கு அறைக்குள் விழுந்த வசைதான் அதிகமாக வலித்திருக்கும். ஆனால் வழக்காக நிற்கக்கூடியது ஆய்வகத்தில் நடந்ததுதான். அங்கே முப்பது பேர் இருந்தார்கள், அவர்கள் உங்கள் உறவினர்கள் அல்லர், சாதிப் பெயர் வாயில் வராவிட்டாலும் பழங்குடி என்பதைச் சுட்டி எழுப்பி நிறுத்தி, அதையே காரணமாக்கி இழித்துப் பேசியிருக்கிறார். 3(1)(ஆர்) பிரிவுக்கு இது பொருந்தும் என்பது என் கருத்து. வெறும் கண்டிப்புதான், இழிவுபடுத்தும் நோக்கம் இல்லை என்று எதிர்த்தரப்பு வாதிடும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அறைக்குள் நடந்ததைப் புகாரிலிருந்து நீக்கிவிடவும் வேண்டாம். ஆய்வகப் பேச்சின் நோக்கம் என்னவென்று காட்ட அது உதவும்.

இன்னொன்றை நீங்கள் எழுதவில்லை. அந்தப் பேராசிரியர் எந்தச் சமூகத்தவர்? அவரும் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவராக இருந்தால் இந்தச் சட்டத்தின் கீழ் அவர் மீது வழக்குத் தொடர முடியாது. அதேபோல் உங்கள் தங்கையின் சாதிச் சான்றிதழ் வருவாய்க் கோட்டாட்சியர் வழங்கியதுதானா என்பதைப் பார்த்துவிடுங்கள். பழங்குடிச் சான்றிதழை வழங்கும் அதிகாரம் தமிழ்நாட்டில் அவருக்கே உண்டு, வட்டாட்சியர் கொடுத்த பழைய சான்றை வைத்துக்கொண்டு காவல் நிலையம் போனால் அங்கேயே நாள் ஓடிவிடும்.

காவல் நிலையத்துக்கு முன்பாகவோ, அதே நாளிலோ, பல்கலைக்கழகத்துக்கு எழுதுங்கள். உயர்கல்வி நிறுவனங்களில் சமத்துவத்தை வளர்ப்பதற்கான பல்கலைக்கழக மானியக் குழு விதிமுறைகள் 2012 முதல் நடைமுறையில் உள்ளன. 2026 ஜனவரியில் மானியக் குழு புதிய விதிமுறைகளைக் கொண்டுவந்தது. அதே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அவற்றை நிறுத்திவைத்து, பழையவையே தொடரும் என்றது. ஆகவே புகாரில் 2012 விதிமுறைகளைக் குறிப்பிடுங்கள். அவற்றின்படி ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் சமவாய்ப்புப் பிரிவு ஒன்றும், பேராசிரியர் நிலைக்குக் குறையாத பாகுபாடு தடுப்பு அலுவலர் ஒருவரும் இருக்க வேண்டும். மாணவர்களின் சாதியை வகுப்பில் அறிவிப்பதும், ஒதுக்கீட்டில் வந்தவர்கள் என்று முத்திரை குத்துவதும், மதிப்பீட்டில் பாகுபாடு காட்டுவதும் அந்த விதிமுறைகளில் பெயர் சொல்லித் தடைசெய்யப்பட்டவை. உங்கள் கடிதத்தில் மூன்றும் இருக்கின்றன. புகார் கிடைத்த அறுபது நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும். “எங்கள் துறையில் அப்படி ஓர் அலுவலரே இல்லை” என்பார்கள். பதவி காலியாக இருப்பது அவர்கள் குற்றம், பதிவாளர் பெயருக்கு எழுதினால் போதும்.

இதுவரை நான் பார்த்த புகார்களில் பாதி, “சாதியைச் சொல்லி இழிவாகப் பேசினார்” என்ற ஒரே வரியில் முடிந்துவிடுகின்றன. அந்த வரியால் எதையும் நிரூபிக்க முடியாது. உங்கள் தங்கை எழுத வேண்டியது ஏறக்குறைய இப்படி: “இன்ன தேதி, காலை 11 மணியளவில், தாவரவியல் முதுநிலை ஆய்வகத்தில், உதவித்தொகைப் பட்டியலைக் கையில் வைத்திருந்த பேராசிரியர், எஸ்.டி. எல்லாம் எழுந்து நில்லுங்க என்றார். நானும் மற்ற மூவரும் எழுந்தோம். அதன் பிறகு அவர் சொன்ன சொற்கள் பின்வருமாறு...” அவர் வாயில் வந்த சொற்கள் அப்படியே, பேச்சுத் தமிழிலேயே, திருத்தாமல் இருக்க வேண்டும். உடன் இருந்தவர்களில் சாட்சி சொல்லத் தயாரானவர்களின் பெயரை மட்டும் குறிப்பிடுங்கள். பயப்படுகிற பிள்ளையை இழுத்துவிட்டால் அவள் பின்னால் பிறழ்சாட்சியாகிவிடுவாள். தபால் பிரிவில் நேரில் கொடுத்து நகலில் தேதி முத்திரை வாங்குங்கள். முத்திரை தர மறுத்தால் அன்றே ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். யாரேனும் கைப்பேசியில் பதிவு செய்திருந்தால், அந்தக் கைப்பேசியையே பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். பதிவை வெட்டவும் வேண்டாம், முகநூலில் போடவும் வேண்டாம். அதை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய அதினியத்தின் (புதிய சாட்சியச் சட்டத்தின்) 63-ஆவது பிரிவின்படி சான்று தேவைப்படும்.

மதிப்பெண்ணுக்கு வழி தனி. 2023-ஆம் ஆண்டு மானியக் குழு கொண்டுவந்த மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைகளின்படி, குறைதீர் குழுவிடம் மனு கொடுக்கலாம். பதினைந்து வேலைநாளுக்குள் அது அறிக்கை தருவது விரும்பத்தக்கது என்கின்றன விதிமுறைகள். முடிவு திருப்தியளிக்காவிட்டால் அது கைக்கு வந்த பதினைந்து நாளுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்ய வேண்டும். விடைத்தாளை மறுமதிப்பீடு செய்யக் கோரும் மனுக்களைக் குறைதீர்ப்பாளர் பொதுவாக ஏற்கமாட்டார். ஆனால் பாகுபாடு நடந்ததாகக் குறிப்பிட்ட நிகழ்வைச் சுட்டிக்காட்டினால் ஏற்கலாம் என்று அந்த விதிமுறைகளிலேயே விலக்கு இருக்கிறது. ஆகவே “மதிப்பெண் குறைவு” என்று மட்டும் எழுதாமல், ஆய்வகச் சம்பவத்தின் தேதியையும் மதிப்பெண் பதிவேற்றப்பட்ட தேதியையும் அடுத்தடுத்து வைத்து எழுதுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்துடன், தங்கையின் அகமதிப்பீட்டுத் தேர்வுத் தாள்களையும் மதிப்பெண் பிரித்துப் போட்ட விவரத்தையும் கேளுங்கள். தன் விடைத்தாளைப் பார்க்கும் உரிமை மாணவருக்கு உண்டு என்று 2011-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. முப்பது நாளில் பதில் வர வேண்டும்.

இனிக் காவல் துறை. புகாரைப் பல்கலைக்கழகம் இருக்கும் ஊரில்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை. அரூரிலேயே கொடுக்கலாம், அங்கே முதல் தகவல் அறிக்கை பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். மனு ஏற்புச் சான்று, அதாவது சி.எஸ்.ஆர். ரசீது, கொடுத்து “விசாரித்துக் கூப்பிடுகிறோம்” என்று அனுப்பிவைப்பது நம் பக்கத்துப் பழக்கம். சி.எஸ்.ஆர். எஃப்.ஐ.ஆர். ஆகாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2018-இல் சேர்க்கப்பட்ட 18-ஏ பிரிவின்படி, அந்தச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிய முதல்கட்ட விசாரணை தேவையில்லை. விசாரணை அதிகாரி துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். பதிய மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபால், அதற்கும் அசையாவிட்டால் சிறப்பு நீதிமன்றம். பல்கலைக்கழகம் அறுபது நாள் கடந்தும் வாய் திறக்காவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டும் சென்னை அமர்வின் எல்லைக்குள் வருபவை, மதுரைக்கு அலைய வேண்டாம்.

எவ்வளவு காலம் ஆகும் என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். உங்கள் வட்டத்திலேயே, சித்தேரி மலையடிவாரத்தில், வாச்சாத்தி மக்கள் 1992-இல் நடந்த கொடுமைக்குத் தருமபுரி நீதிமன்றத் தீர்ப்பைப் பெற 2011 வரையும், உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்ய 2023 வரையும் காத்திருந்தார்கள். உங்கள் தங்கையின் வழக்கு அவ்வளவு இழுக்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை. ஆனால் குற்ற வழக்கு அவள் பட்டம் வாங்கிய பிறகும் நடக்கும் என்று எண்ணி, படிப்பைக் காக்கும் வேலையைப் பல்கலைக்கழகப் புகாரிடமும் மதிப்பெண் மனுவிடமும் ஒப்படையுங்கள். புகார் கொடுத்ததற்காக மாற்றுச் சான்றிதழையோ மதிப்பெண் பட்டியலையோ நிறுத்திவைக்கப் பல்கலைக்கழகத்துக்கு உரிமை இல்லை. நிறுத்தினால் அதுவே தனிப் புகாருக்கும் ரிட் மனுவுக்கும் காரணமாகும்.

“கோட்டா” பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு உள்ள இடம் நூற்றுக்கு ஒன்று. அந்த ஒன்றில் வந்து முந்தைய பருவத்தில் இருபத்தொன்று வாங்கியவளைத்தான் அவர் எழுந்து நிற்கச் சொன்னார். இட ஒதுக்கீடு தகுதிக்கு எதிரானது அல்ல என்று 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மருத்துவ மேற்படிப்பு வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. விசாரணைக் குழுவில் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், இந்த விவரத்தைத் தங்கை நிதானமாகச் சொல்லட்டும்.

துறைத் தலைவர் பேசிக்கொள்ளலாம் என்கிறாரே, பேசலாம். எழுத்தில் புகார் போய்ச் சேர்ந்த பிறகு, சாட்சியோடு. “எனக்குப் புகார் எதுவும் இல்லை” என்று எந்தத் தாளிலும் அவள் கையெழுத்திட வேண்டாம். வன்கொடுமைச் சட்டக் குற்றங்கள் தரப்பினர் தாங்களாகவே சமரசம் செய்து முடித்துக்கொள்ளக்கூடியவை அல்ல. வழக்குப் போடுவதா வேண்டாமா என்பதை முடிவு செய்ய வேண்டியவள் அவள்தான். கோபம் உங்களுக்கு, தேர்வு எழுதப்போவது அவள். அவளிடம் நேரில் கேட்டுவிட்டு, கையெழுத்து அவளுடையதாக இருக்கும் புகாரோடு மட்டும் புறப்படுங்கள்.

வழக்கறிஞர் கட்டணம் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு; மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். வன்கொடுமை தொடர்பான தேசிய உதவி எண் 14566. போகும்போது சாதிச் சான்றிதழ், மாணவர் அடையாள அட்டை, இரண்டு பருவங்களின் அகமதிப்பீட்டு மதிப்பெண் விவரம், தேதி முத்திரை இட்ட புகார் நகல் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள்.