4294967297 என்ற எண்ணைக் கையால் காரணிப்படுத்துவது வீண் வேலையா?

பத்து இலக்க எண் ஒன்றைக் கணினி இல்லாமல் காரணிப்படுத்துவதால் என்ன பயன் என்று கேட்டிருக்கிறீர்கள். யாரோ இதை வீட்டுப்பாடமாக உங்கள் தலையில் கட்டியிருக்க வேண்டும். அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், எண்ணைத் தேர்ந்தெடுத்த விதத்திலேயே விஷயம் தெரிந்தவர் என்று புரிகிறது.

இது 2³²+1. 2¹, 2², 2⁴, 2⁸, 2¹⁶ என்று அடுக்கை இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொன்றோடும் 1 கூட்டினால் கிடைக்கும் 3, 5, 17, 257, 65537 என்ற வரிசையில் அடுத்து வருவது. முதல் ஐந்தும் பகா எண்கள் என்பதால் இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று 17ஆம் நூற்றாண்டில் ஃபெர்மா என்ற கணித மேதை நம்பினார். 1732இல் இன்னொரு கணித மேதையான ஆய்லர் அதைத் தகர்த்தார்: 641 × 6700417.

கல்லூரியில் படித்தபோது நானே இதைத் தாளில் போட்டுப் பார்த்தேன். கண்ட எண்ணாலெல்லாம் வகுக்க வேண்டியதில்லை. இதன் பகாக் காரணி எதுவானாலும், அதை 64ஆல் வகுத்தால் மீதி 1 வந்தாக வேண்டும். ஆய்லரே நிறுவிய உண்மை இது. ஆகவே 193, 257, 449, 577, 641 என்று தாவிப் போகலாம். 193க்கு மீதி 109. 257க்கு மீதி 2. அடுத்த இரண்டும் ஒத்துவரவில்லை. 641இல் கடைசியாக 4487 மிஞ்சியது. 641 × 7 சரியாக 4487. பூஜ்ஜியம் விழுந்தது.

ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது அந்தப் பூஜ்ஜியம் அல்ல, 257க்கு வந்த மீதி 2. 3, 5, 17, 65537 எதனால் வகுத்தாலும் அதே 2 வருகிறது. ஏன்? அந்த ஐந்து பகா எண்களையும் பெருக்கினால் 4294967295. நம் எண்ணைவிடச் சரியாக 2 குறைவு! கணினியில் 32 பிட்டுகளில் (0, 1 என்ற 32 இலக்கங்களில்) எழுதக்கூடிய, குறி இல்லாத முழு எண்களில் மிகப் பெரியதும் அதுவே. கவராயமும் அளவுகோலும் மட்டும் கொண்டு வரையக்கூடிய, ஒற்றைப்படைப் பக்கங்கள் உள்ள ஒழுங்குப் பலகோணங்களில் இதுவரை அறியப்பட்ட மிகப் பெரியதற்கும் அத்தனை பக்கங்கள்தான்.

"கணினி ஒரு நொடியில் சொல்லிவிடுமே" என்று எழுத வருபவர்களுக்கு: சொல்லும், மறுக்கவில்லை. நான் கணினிக்கு எதிரியும் அல்ல, ஆராய்ச்சியாளனும் அல்ல, பாடம் நடத்துகிறவன். காரணிகளை மட்டும் வாங்கிக்கொண்டு போனவர் அந்த 2ஐப் பார்த்திருக்கவே மாட்டார்.

இதோடு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வினாத்தாள் அச்சடிப்பவர்கள் அடுக்கை மேலே தூக்கிப் போடுவதே இல்லை. என்னிடம் படிக்கும் மாணவிக்கு ஒரு தேர்வில் இதே கேள்வி "232+1 பகா எண்ணா?" என்று அச்சாகி வந்தது. அவள் 233 என்று கூட்டி, 2, 3, 5, 7, 11, 13 ஆகியவற்றால் வகுத்துக் காட்டி, பகா எண் என்று எழுதினாள். அச்சிட்ட கேள்விக்கு அது முழுக்க முழுக்கச் சரியான விடை. விடைக்குறிப்பில் 641 இருந்ததால் சுழியம் போட்டுவிட்டார்கள். மறுகூட்டலுக்கு விண்ணப்பித்தோம், கூட்டல் சரியாக இருக்கிறது என்று பதில் வந்தது.