சின்ன ஊரில் துணிக்கடை வைத்தால் இனி பிழைக்க முடியுமா?

ஆன்லைனும் இன்ஸ்டாகிராமும் வந்த பிறகு மக்கள் ஏன் கடைக்கு வருவதைக் குறைத்துவிட்டார்கள், உங்கள் சித்தப்பா சின்ன ஊரில் துணிக்கடை தொடங்கினால் தாக்குப்பிடிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கோவில்பட்டியில் ஒரு துணிக்கடைக்குள் வளர்ந்தவள். பள்ளி விட்டதும் நேராகக் கடைக்குத்தான் போவேன். கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவேன். அப்பாவுக்கு இப்போது அறுபத்தேழு வயது, கடை இன்னும் நடக்கிறது. ஆனால் வியாபாரத்தில் பாதி என் போன் வழியாகப் போகிறது. இரண்டு பக்கமும் நின்று பார்த்ததை வைத்து எழுதுகிறேன்.

விலை குறைவு, அதனால் ஆன்லைனுக்குப் போகிறார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். விலையும் காரணம்தான். ஆனால் நான் பார்த்த வரையில், எங்கள் ஊர்ப் பெண்களைக் கடையிலிருந்து போனுக்கு நகர்த்தியதில் பெரிய பங்கு கூச்சத்துக்கு உண்டு. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எங்கள் கடையில் உள்ளாடை எடுத்துக் கொடுத்தவர்கள் அப்பாவும், வேலைக்கு இருந்த இரண்டு அண்ணன்களும்தான். அந்தக் காலத்துச் சின்னக் கடைகள் பெரும்பாலும் அப்படித்தான். வரும் பெண்கள் அளவை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பக்கத்தில் வேறு ஆண்கள் நின்றால் துண்டு, தலையணை உறை என்று எதையாவது கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். நான் கடையில் இருந்தால் ஓரமாகக் கூப்பிட்டு என் காதோடு சொல்வார்கள். பன்னிரண்டு வயதிலேயே எங்கள் கடைவீதிக்கு வரும் பெண்களில் பாதிப் பேரின் அளவு எனக்குத் தெரியும். வீட்டுக்குப் போய்ப் பார்த்துச் சரியாக இல்லாவிட்டாலும் மாற்ற வர மாட்டார்கள். கல்லாவுக்கு மேலே "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று போர்டு தொங்கும். பொருந்தாததையே போட்டுக்கொண்டு காலம் தள்ளினார்கள்.

சேலைக்கும் இதே கதை. ஜமுக்காளத்தில் உட்காரவைத்து முப்பது சேலையை விரித்துப் போட்ட பிறகு, "பிடிக்கல அண்ணாச்சி" என்று எழுந்து போக எத்தனை பேருக்கு மனம் வரும்? காலையில் முதல் ஆளாக வந்திருந்தால் இன்னும் சங்கடம். போணி ஆகாமல் போகக் கூடாதே என்று, தேவைப்படாத ஒரு பாவாடையாவது எடுத்துக்கொண்டு போவார்கள். அப்பா யாரையும் ஒரு வார்த்தை கடிந்ததில்லை. ஆனாலும் அவர் முகம் வாடும். அந்த முகத்துக்காகவே வேண்டாத நிறத்தில் சேலை எடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

போனில் யார் முகமும் வாடாது. ராத்திரி பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுத்துக்கொண்டே இருநூறு சேலை பார்க்கலாம், ஒன்றும் எடுக்காமல் தூங்கிப்போகலாம். அளவைப் பெட்டியில் தட்டினால் போதும், யாரிடமும் வாயைத் திறக்க வேண்டாம். பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம். இந்தச் சுதந்திரத்தை எங்கள் கடை அவர்களுக்குக் கொடுத்ததே இல்லை. கடைக்காரர் வீட்டுப் பெண்ணாக இருந்துகொண்டு இதை எழுதுவது எனக்கு வருத்தம்தான், ஆனால் உண்மை அதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்களை முதலில் அடித்தது ஆன்லைன் இல்லை. அதற்கு முன்பே மதுரையிலும் திருநெல்வேலியிலும் அடுக்குமாடி ஜவுளிக்கடைகள் வந்து, டிவி விளம்பரத்தில் எங்கள் தீபாவளி வியாபாரத்தை அள்ளிக்கொண்டு போயின. பிளிப்கார்ட் 2007இல் பெங்களூரில் புத்தகம் விற்கத் தொடங்கியபோது அதைப் பற்றி நாங்கள் கேள்விப்படவே இல்லை. 2010இல் அவர்கள் பொருள் கைக்கு வந்த பிறகு காசு கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். கார்டு இல்லாத, முன்பணம் கட்டப் பயந்த வீடுகளுக்குள் ஆன்லைன் நுழைந்தது அந்த வாசல் வழியாகத்தான். அமேசான் இந்தியாவில் 2013இல் வந்தது. 2016 எல்லாவற்றையும் புரட்டிப்போட்ட ஆண்டு: யுபிஐ வந்தது, செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்தது, நவம்பரில் பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. கடை வீதியில் சில்லறைக்கு அலைந்த அந்த மாதத்தில்தான் அப்பா முதன்முதலாக "இந்த போனுல எப்படிக் காசு வாங்குறது?" என்று என்னைக் கேட்டார்.

அப்புறம் 2020. மார்ச்சில் ஊரடங்கு, துணி அத்தியாவசியப் பொருள் இல்லை என்பதால் ஷட்டர் இறங்கியது. ஜூன் கடைசியில் டிக்டாக்கைத் தடை செய்தார்கள், ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸை இங்கே திறந்தது. வீட்டில் அடைபட்டிருந்த பெண்கள் பலர் போன் வழியாக விற்கத் தொடங்கியது அப்போதுதான். சேலத்துக்குப் பக்கத்தில் இளம்பிள்ளை என்று ஓர் ஊர் இருக்கிறது, தறிச் சத்தம் கேட்கும் ஊர். அங்கே இருக்கும் மொத்த வியாபாரி காலையில் வாட்ஸ்அப் குழுவில் சேலைப் படங்களைப் போடுவார். அவற்றை எடுத்து ஐம்பதோ நூறோ ஏற்றித் தன் ஸ்டேட்டஸில் வைப்பவர்தான் ரீசெல்லர். ஆர்டர் வந்தால் சேலை இளம்பிள்ளையிலிருந்து நேராக வாங்குபவர் வீட்டுக்குப் போய்விடும். ரீசெல்லர் அந்தச் சேலையைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார். 2015இல் தொடங்கிய மீஷோ, வீட்டிலிருக்கும் பெண்கள் வாட்ஸ்அப்பில் இப்படி விற்கும் வழக்கத்தை வைத்துத்தான் வளர்ந்தது.

எங்கள் ஊர்ப் பக்கம் தீப்பெட்டி ஆலைகள் அதிகம். சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு வரும் பெண்களுக்கு அப்பா தவணையில் சேலை கொடுப்பார், வாரம் நூறு. அதற்குத் தனியாக ஒரு பாக்கி நோட்டு உண்டு. அந்த நோட்டில் பல வருடம் பெயர் இருந்த ஓர் அக்கா, ஊரடங்கில் ஆலை மூடியபோது ரீசெல்லர் ஆனார். முதல் என்று ஒரு ரூபாய் போடவில்லை. இப்போது அவருடைய குழுவில் நானூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள், மகளைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டார். எங்கள் வியாபாரத்தில் ஒரு பங்கு அவரிடம் போயிருக்கும். அதற்காக அவர் மேல் கோபப்பட எனக்கு ஒரு காரணமும் இல்லை.

நானும் ஒரு பெரிய ஆன்லைன் சந்தையில் நைட்டி விற்றுப் பார்த்தேன். 2023 அக்டோபர் வரை அங்கே விற்க எவ்வளவு சின்ன வியாபாரியாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும் (பிறகு, மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறு வியாபாரிகளுக்கு அதைத் தளர்த்திவிட்டார்கள்). பதிவு எங்களிடம் இருந்தது, அதனால் நம்பிக்கையோடு இறங்கினேன். திங்கள் ராத்திரி கூடும் ஈரோடு கனி மார்க்கெட் வாரச்சந்தையில் எடுத்த சரக்கு, கொள்முதல் 180, விலை 299. கமிஷன், கூரியர், பாக்கிங் எல்லாம் போக ஒரு நைட்டிக்கு நாற்பது ரூபாய் நின்றது. ஒன்று திரும்பி வந்தால் நாலு நைட்டியின் லாபம் காலி. வாசலுக்கு வந்த பார்சலை வேண்டாம் என்று திருப்பிவிட்டால்கூட எங்களுக்குத்தான் செலவு. துவைத்த வாசனையோடு திரும்பி வந்தவையும் உண்டு. ஏழு மாதத்தில் நிறுத்திவிட்டேன். லட்சம் பீஸ் தள்ளுகிறவர்களுக்கு அந்தக் கணக்கு கட்டும், எங்களைப் போன்றவர்களுக்குக் கட்டாது.

வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும்தான் எங்களுக்குக் கைகொடுத்தன. மதுரை விளக்குத்தூண் பக்கம் போய்ச் சரக்கு எடுத்து வருவோம். மாலையில் அப்பா ஒவ்வொரு சேலையாக விரிப்பார், நான் போனைப் பிடிப்பேன். வீடியோவில் அவர் கை மட்டும்தான் தெரியும். முந்தானையை ஒரு பக்கம், பார்டரை ஒரு பக்கம் என்று அவர் விரிக்கிற வேகத்தில் நாற்பது வருடப் பழக்கம் இருக்கிறது. ஓசூரிலிருந்து வாங்கும் ஓர் அக்கா, "அந்தப் பெரியவரையே நல்ல பீஸாப் பார்த்து எடுக்கச் சொல்லும்மா" என்றுதான் ஒவ்வொரு முறையும் குரல் பதிவு அனுப்புவார்.

ஆனால் இந்தச் சமூக ஊடக விற்பனையில் எனக்கு ஒரு பெரிய மனக்குறை உண்டு. பல பேஜ்களில் பார்த்திருப்பீர்கள்: "ரிட்டர்ன் கிடையாது. பார்சல் ஓப்பனிங் வீடியோ கட்டாயம், கட் பண்ணாமல் எடுக்க வேண்டும்." பணம் முன்கூட்டியே ஜிபேயில் போட வேண்டும். நிறம் மாறி வந்தால் "லைட்டிங்னால அப்படித் தெரியுது சிஸ்" என்பார்கள். யோசித்துப் பாருங்கள், அப்பா கல்லாவுக்கு மேலே தொங்கவிட்டிருந்த அதே போர்டுதானே இது? எந்தப் போர்டைப் பார்த்துப் பெண்கள் ஆன்லைனுக்குப் போனார்களோ, அதே போர்டு ஆன்லைனில் அவர்களுக்கு முன்னால் போய் நிற்கிறது. கடையிலாவது நேரில் போய்ச் சண்டை போட ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார்.

என் அத்தைக்கு அதுதான் நடந்தது. ஒரு பேஜில் மூன்று சேலைக்கு 2,400 ரூபாய் அனுப்பினார், பிறகு அந்த நம்பர் அவரை பிளாக் செய்துவிட்டது. குடும்பத்தில் திட்டுவார்களே என்று இரண்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. பணம் அனுப்பி ஏமாந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிட வேண்டும், தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கைமாறிக்கொண்டே போகும். பழுதான பொருள் வந்து கடைக்காரர் வாங்க மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாள் கணக்கு. எந்தப் போர்டு தொங்கினாலும், பேஜில் என்ன எழுதியிருந்தாலும் இதுதான் சட்டம். இது தெரிந்த அன்று நான் எங்கள் கடைப் போர்டைக் கழற்றிவிட்டேன். அப்பா ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. ஆனால் பயந்த அளவுக்கு யாரும் எதையும் திருப்பிக்கொண்டு வரவில்லை.

சரி, உங்கள் சித்தப்பா விஷயத்துக்கு வருகிறேன். கடைக்கு இன்னும் என்னென்னவற்றுக்கு வருகிறார்கள் என்பதைப் பார்த்து அவர் சரக்கு போடட்டும். ஆன்லைனில் சேலை வாங்கிய பெண்தான் மறுநாள் அதைப் பையில் போட்டுக்கொண்டு எங்கள் கடைக்கு வருகிறார், பிளவுஸ் துணியும் உள்பாவாடையும் பால்ஸும் மேட்சிங் பார்க்க. நிறத்தைத் துணியோடு துணி வைத்து வெளிச்சத்தில் பார்த்தால்தான் தெரியும், போனில் ஆகாது. இன்றைக்கு அந்த ஓர் அலமாரிதான் எங்கள் வாடகையைக் கட்டுகிறது. பள்ளிச் சீருடையும் நிலையான வியாபாரம். அப்புறம் கோடி, அதாவது சாவு வீட்டுக்கு எடுக்கும் புதுத் துணி. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் வேட்டியும் கோடிச் சேலையும் அடுத்த சில மணி நேரத்துக்குள் வேண்டும், மூன்று நாளில் வரும் பார்சலுக்குக் காத்திருக்க முடியாது. ராத்திரி ஒரு மணிக்கு வீட்டுக் கதவைத் தட்டுவார்கள், அப்பா சாவியை எடுத்துக்கொண்டு போவார். அந்த நேரத்தில் விலை கேட்பவரும் இல்லை, சொல்பவரும் இல்லை. பதினாறாம் நாள் கழித்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார்கள்.

ஃபேன்சி சேலை, குர்த்தி என்று முதலைக் கொட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். அதில் போனோடு மோதி ஜெயிப்பது கஷ்டம். மெயின் பஜாரில் பெரிய அட்வான்ஸ் கொடுத்துக் கடை பிடிக்கவும் வேண்டாம், தையல்காரர்கள் இருக்கிற தெருவில் சின்னதாகப் போதும். முதல் நாளிலிருந்தே வாங்குபவரின் நம்பரைக் கேட்டு ஒரு குழு வைத்துக்கொள்ளட்டும். பழுதை மாற்றித் தருவோம் என்று வாசலில் எழுதிப் போடட்டும். வேலைக்கு நிற்பவர்கள் உட்கார இருக்கை போட வேண்டும், தமிழ்நாட்டில் 2021இல் அதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள்.

கூடவே, உள்ளாடைப் பகுதியைத் திரை போட்டுத் தனியாக்கி, அதைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை வைக்கச் சொல்லுங்கள். நாங்கள் போன வருடம்தான் அதைச் செய்தோம். என் காதோடு அளவு சொல்லிவிட்டுப் போன அக்காக்களில் ஒருவர், பல வருடமாகக் கடைப்பக்கமே வராதவர், போன மாதம் மருமகளோடு வந்தார். திரைக்குப் பின்னால் அரை மணி நேரம் இருந்தார்கள், எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டே. மூன்று எடுத்தார்கள், மறுநாள் ஒன்றை மாற்ற வந்தார்கள்.