கெல்லி, இருந்திருந்தால் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓர் உரையில் நீங்கள் போகிறபோக்கில் சொன்ன ஃபிரெடரிக் செப்டிமஸ் கெல்லியைத் தேடிப் படித்தேன். துடுப்புப் படகில் ஒலிம்பிக் தங்கம், கூடவே பியானோ, இசையமைப்பு. 35 வயதில் முதல் உலகப் போரில் போய்விட்டார். இருந்திருந்தால் எங்கேயோ போயிருப்பார்! என் மகனும் நீச்சல், வயலின் என்று இரண்டிலும் கிடக்கிறான். ஒன்றை விடச் சொல்லலாமா?

கே.

அன்புள்ள கே.,

பையனை அவன் போக்கில் விடுங்கள். இதற்கெல்லாம் என் தீர்ப்பு எதற்கு?

என்னைச் சீண்டியது அந்த 'இருந்திருந்தால்'. என் சித்தப்பா தவில்காரர், நாற்பதுக்குள் போய்ச் சேர்ந்தார். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் "இருந்திருந்தா எங்கயோ போயிருப்பான்" என்றார்கள். அவர் வாசித்ததைப் பற்றி ஒருவர் வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து இந்தச் சொல் எனக்கு ஆகாது.

கெல்லி வாழ்ந்ததையும் கொஞ்சம் பாருங்களேன். சிட்னியில் பிறந்து, ஈட்டனிலும் ஆக்ஸ்ஃபர்டிலும் படித்து, பியானோ பயில ஃபிராங்க்ஃபர்ட் போனவர். இங்கிலாந்தின் ஹென்லி படகுப் பந்தயத்தில், தனியாள் போட்டியில் 3 முறை வென்றார். 1905இல் அங்கே அவர் எடுத்த 8 நிமிடம் 10 விநாடியை 1938 வரை யாரும் முறியடிக்கவில்லை. 1908 ஒலிம்பிக்கில் எட்டுப் பேர் படகில் தங்கம். அந்தப் படகின் சுக்கான் பிடித்த மக்லகனும் 1915இல் பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் செத்தார்.

1915 ஏப்ரல் 23. துருக்கியின் கலிபோலிப் போர்முனைக்குப் போகும் வழியில் கெல்லியின் நண்பர், கவிஞர் ரூபர்ட் புரூக், அந்தப் போர்முனையைப் பார்க்காமலேயே நச்சுக் காய்ச்சலில் இறக்கிறார். அன்றிரவே கிரேக்கத்தின் ஸ்கைரோஸ் தீவின் ஆலிவ் தோப்பில் புதைக்கிறார்கள். குழியருகே கெல்லி நிற்கிறார். பிறகு கலிபோலியில் தானே காயம்பட்டு, அலெக்சாண்டிரியாவில் படுத்துக்கிடந்தபோது புரூக்குக்காகத் தந்தி வாத்தியங்களுக்கு எழுதிய இரங்கலிசையை முடிக்கிறார். கல்லறைமேல் சாயும் ஆலிவ் மரத்தின் சலசலப்பு அதில் உண்டு என்று அவரே நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். நீங்கள் அதைக் கேட்டீர்களா? கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே! கேட்காமலேயே எழுதாத சிம்பொனிகளுக்காக அழுகிறீர்கள். சோம்பேறித்தனம் ஐயா இது. செய்யாததைப் புகழக் காதுகூட வேண்டியதில்லை.

போருக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஜெர்மனியில் இசை கற்றவர், 1916 நவம்பர் 13 அன்று, பிரான்சில் நடந்த சோம் போரின் கடைசி வாரத்தில், ஒரு ஜெர்மன் இயந்திரத் துப்பாக்கியை நோக்கி ஓடி விழுந்தார். நினைத்தால் வயிறு எரிகிறது.

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கடிதம் வராவிட்டால் நானும் நேற்று அதைத் திரும்பக் கேட்டிருக்க மாட்டேன். சின்னப் படைப்புதான். மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். எந்த இடம் பிடித்தது என்று எனக்கு எழுதச் சொல்லுங்கள், அவனை.