வண்டி நின்ற கூடத்தில் மாணவர்கள்

கேள்வி: வெளிநாட்டுப் பல்கலைக்கழக வளாகம் ஒன்றில் பழைய தீயணைப்பு நிலையத்தை மாணவர் கூடமாக மாற்றியிருக்கிறார்களாமே, அந்தக் கட்டடம் அதற்குப் பொருந்துமா?
– வாசகர், காட்பாடி

பதில்: தாராளமாகப் பொருந்தும். தண்ணீர் நிரம்பிய வண்டியின் பாரத்தைத் தாங்கும் தளமும், உயர்ந்த கூடமும், அகன்ற கதவுகளும் ஏற்கெனவே இருப்பதால், நாடகமோ விவாதமோ நடத்தச் சுவரை இடிக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில், 19ஆம் நூற்றாண்டுத் தீயணைப்பு நிலையம் 1982 முதல் அறிவியல் அருங்காட்சியகமாக இயங்கி வருகிறது. இத்தகைய பழைய நிலையங்களில் சிக்கல், குழாய் உலர்த்தும் கோபுரத்தில்தான். நனைந்த கித்தான் குழாய்கள் மட்கிப் போகாதபடி தொங்கவிட்டு உலர்த்திய அந்தக் குறுகலான இடத்தில் யாரையும் உட்கார வைக்க முடியாது. ஆனாலும் இடித்துவிடாமல், வெப்பக் காற்று மேலேறி வெளியேறும் வழியாக்கினால், நம் வேலூர் போன்ற ஊரின் மே மாத வெயிலுக்கு அது பேருதவி. மாடிக்கு இரண்டாவது படிக்கட்டு அவசியம். தீயணைப்பு நிலையத்திலேயே தப்பிக்க வழியில்லை என்றால் ஊர் சிரிக்கும்.