அசோகம் என்று சொல்லி நெட்டிலிங்கம் விற்கிறார்கள்

கேள்வி: வாழப்பாடி அருகே ஒன்றரை ஏக்கர் பாக்குத் தோப்பு வைத்திருக்கிறேன். ஊடுபயிராக அசோக மரம் நடச் சொல்லி ஏஜென்ட் ஒருவர் அடிக்கடி வருகிறார். கன்று 180 ரூபாய். நான்காம் ஆண்டிலிருந்து பட்டையை அவர்களே திரும்ப வாங்கிக்கொள்வார்களாம். மாதிரிக் கன்றின் படத்தை இணைத்துள்ளேன். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். படத்தில் இருப்பது அசோகமே அல்ல, நெட்டிலிங்கம். கல்யாண மண்டப வாசலில் ஒல்லியாக, உயரமாக வரிசை கட்டி நிற்கும் மரம்தான் இது. சீத்தாப்பழக் குடும்பத்தைச் சேர்ந்தது. பெரும்பாட்டுக்கு, அதாவது மாதவிடாயில் அளவுக்கு மீறிய இரத்தப்போக்குக்குக் கொடுக்கும் அசோகாரிஷ்டம் என்ற ஆயுர்வேத மருந்தில் சேரும் பட்டை, புளியமரத்துக்கு உறவான வேறொரு மரத்தினுடையது.

இலையைப் பாருங்கள். நெட்டிலிங்கத்தில் ஒரு காம்புக்கு ஒரே இலை, ஓரம் நன்றாக நெளிந்திருக்கும். அசோகத்தில் ஒரே காம்பின் இருபுறமும் நாலைந்து ஜோடிச் சிற்றிலைகள் இருக்கும். நுனியில் ஒற்றை இலை இருக்காது.

ஏஜென்ட் உடனே கொழுந்தைக் காட்டுவார். "செம்பு நிறத்தில் தொங்குகிறது பாருங்கள், இதுதான் அசோகம்" என்பார். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இரண்டு மரத்துக்கும் கொழுந்து செம்பு நிறம்தான், இரண்டிலும் தொங்கத்தான் செய்யும். நிறத்தை வைத்து முடிவு செய்யவே கூடாது. சந்தேகம் இருந்தால், பூத்திருக்கும் தாய்மரத்தைக் காட்டச் சொல்லுங்கள். கிளையிலும் முதிர்ந்த தண்டிலும் ஆரஞ்சும் சிவப்புமாகக் கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தால் அசோகம். இலைகளுக்கு நடுவே வெளிர்பச்சைப் பூ என்றால் நெட்டிலிங்கம்.

நான்கே ஆண்டில் பட்டை என்பதும் பொய். உரிக்கும் அளவுக்கு மரம் முதிரப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அப்போதும் சுற்றிவர உரித்தால் மரம் செத்துவிடும். "திரும்ப வாங்கிக்கொள்கிறோம்" என்ற பேச்சை நம்பி ஈமு கோழி வளர்த்தவர்கள் 2012-ல் என்ன ஆனார்கள் என்பதைக் கொங்கு நாட்டு விவசாயிக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2019-ல் தமிழ்நாட்டில் ஒப்பந்தப் பண்ணையச் சட்டம் வந்துவிட்டது. அதன்படி ஒப்பந்தத்தைப் பதிவு செய்யத் தயாரா என்று கேளுங்கள். வெறும் முத்திரைத்தாளை நீட்டினால் திருப்பி அனுப்புங்கள்.

தேசிய மருத்துவத் தாவர வாரியம் 2000-லேயே அமைந்துவிட்டது. இருந்தும் ஒரு நர்சரிப் பையில் என்ன கன்று இருக்கிறது என்று கேட்க நாதியில்லை. பள்ளி வளாகங்களில்கூட நெட்டிலிங்கத்தில் "அசோக மரம்" என்று பலகை தொங்குகிறது. பட்டையைப் பொடித்துவிட்டால் ஆய்வகத்துக்குப் போகாமல் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. கலப்படக்காரருக்கு இதைவிட என்ன வேண்டும்?

உங்கள் ஆசையில் தவறில்லை. அசோகத்துக்கு இளமையில் நிழலும் ஈரமும் வேண்டும். பாக்குத் தோப்பில் இரண்டும் உண்டு. முதலில் பத்துக் கன்று மட்டும் வைத்துப் பாருங்கள். ஏஜென்ட் தந்த கன்றிலிருந்து ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு ஏற்காடு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய்க் காட்டுங்கள். நல்ல கன்று எங்கே கிடைக்கும் என்றும் அங்கேயே விசாரியுங்கள். அதுவரை ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதீர்கள்.